மாடிப்படியிலிருந்து மண்டை பார்த்தவள்

வழுக்கைத் தலையைக் கண்டால் ஆறுமுகத்தாய்க்கு முகம் சுளிக்கும். குடிகாரனுக்குக்கூட ஏதாவது ஒரு சாக்கு இருக்கும், வழுக்கைக்கு என்ன சாக்கு இருக்கிறது என்பாள். எண்ணெய் தேய்க்கச் சோம்பல், வேளைக்குத் தலை முழுகச் சோம்பல், வேண்டாத யோசனை, இவற்றால்தான் ஆம்பளைக்கு முடி கொட்டுகிறது என்பது அவள் தீர்ப்பு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இத்தனைக்கும் அவள் பிறந்ததே வழுக்கை வீட்டில்தான். புதூர்ப் பக்கம் மிளகாயும் உளுந்தும் பயிரிடுகிற சம்சாரி வீடு. அப்பாவுக்கு வழுக்கை. அண்ணன் குருசாமிக்கு முப்பது வயதில் நெற்றி ஏறி, நாற்பதில் உச்சி தெரிந்தது. வாக்கப்பட்ட இடமாவது விளங்கியதா என்றால் அதுவும் இல்லை. கோவில்பட்டியில் புண்ணாக்கும் பருத்திவிதையும் விற்கிற சங்கரபாண்டி, தாலி கட்டிய அன்றைக்குச் சுருட்டைமுடியோடு மணவறையில் இருந்தவர், பத்தே வருஷத்தில் எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டார். அதை இயற்கை என்று அவள் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. மோசடி என்றுதான் சொல்லுவாள். சோற்றுத்தட்டை வைக்கும்போதே அவளுடைய பார்வை ஒருதரம் அந்த மண்டைமேல் விழுந்து எழும். மனிதர் இருபது வருஷமாகத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் சாப்பிடுகிறார்.

ஆகவே, ஒரே மகள் சுதாராணிக்கு மாப்பிள்ளை தேடத் தொடங்கியபோது ஆறுமுகத்தாய் ஒரே நிபந்தனைதான் வைத்தாள். தலை நிறைய முடி வேண்டும். படிப்பு, உத்தியோகம், குணம், மண்ணாங்கட்டி எல்லாம் அப்புறம்.

முதலில் கழித்துக் கட்டியது சொந்த அண்ணன் மகனைத்தான். பாண்டிராஜ் முறைமாப்பிள்ளை. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறான். தானுண்டு தன் வேலையுண்டு என்று இருக்கிற பிள்ளை. ஆனால் இருபத்தாறு வயதிலேயே நெற்றி பாதி மண்டைக்கு ஏறிவிட்டது. குருசாமி பேச்சை எடுக்கும் முன்பே அவள் முந்திக்கொண்டாள். ஒரு வழுக்கையைக் கட்டிக்கொண்டு தான் பட்டது போதும், பெற்ற பிள்ளையையும் அதே பாழுங்கிணற்றில் தள்ள மாட்டேன் என்று அண்ணன் வீட்டுக் கூடத்திலேயே, பையன் காதுபடவே சொன்னாள். பாண்டிராஜ் அடுத்த வாரம் மிச்சமிருந்த முடியையும் சுத்தமாக வழித்துவிட்டு, அன்றிலிருந்து பளபளவென்று திரிந்தான். வேண்டுமென்றே தன்னைக் கேலி செய்கிறான் என்று அத்தைக்காரி எடுத்துக்கொண்டாள்.

வெளி மாப்பிள்ளைகளைச் சோதிக்க அவள் ஒரு வழி வைத்திருந்தாள். அவர்கள் வீட்டுக்குப் போய்க் காபி குடித்துக் கையைத் துடைத்ததும், மாடி எப்படிக் கட்டியிருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு வருகிறேன் என எழுந்துவிடுவாள். பாதிப் படியில் நின்று கூடத்தை எட்டிப் பார்ப்பாள். கீழே மாப்பிள்ளை அடக்க ஒடுக்கமாகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பான். முன்னால் எப்படிச் சீவி மறைத்திருந்தாலும் மேலே இருந்து பார்த்தால் மறையாது. உச்சி வெளுத்திருந்தால் மாடியைப் பார்க்காமலேயே இறங்கிவிடுவாள். அத்தோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது.

ஓட்டப்பிடாரத்து வாத்தியாருக்கு உச்சியில் வட்டம் விழுந்திருந்தது. குளத்தூர் உப்பளக்காரர் மகன் தலையில் ஏதோ கறுப்புப் பொடியைத் தூவி மறைத்திருந்தான். கரண்டு போய் வியர்த்ததும் நெற்றியில் கரி வழிந்தது. இன்னொருவன் காலையும் மாலையும் மண்டையில் ஒரு லோஷன் தேய்த்து, நிஜமாகவே முடி வளர்த்து வைத்திருந்தான். அவன் அம்மா அதைப் பெருமையாகச் சொல்லப்போக, நிறுத்தினால் என்ன ஆகும் என்று இவள் கேட்டாள். நிறுத்தினால் கொட்டிவிடும், தொடர்ந்து போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். ஆயுசுக்கும் தண்ணி ஊத்துகிற வெள்ளாமை நமக்குக் கட்டாது என்று எழுந்துவிட்டாள். முடிக்காக மாத்திரை சாப்பிடுகிறான் என்று கேள்விப்பட்ட ஒருவனை, அந்த மாத்திரை வேறு எதையோ குறைத்துவிடும் என்று யாரோ காதைக் கடித்ததால், போய்ப் பார்க்கவே இல்லை. சென்னையில் பின்மண்டை முடியைப் பிடுங்கி முன்மண்டையில் நட்டுக்கொண்டு வந்தவனுக்கு உண்மையில் முடி நன்றாகவே வேர் பிடித்திருந்தது. கரிசல்காட்டில் நாற்று நட்டால் எத்தனை நாள் நிற்கும் என்று அவன் வீட்டு வாசலில் நின்றே சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

இப்படித் தட்டியதெல்லாம் இவள். பழி மட்டும் கிரகத்துக்கு. ஒவ்வொரு சம்பந்தம் போகும்போதும் ஜோசியரிடம் போய் நிற்பாள். அவரும் சும்மா அனுப்பக் கூடாது என்று ஒரு கிழமையை விரதத்துக்கு எழுதிக் கொடுப்பார். செவ்வாயில் ஆரம்பித்தது. பிறகு குருவுக்கு வியாழன், அம்மனுக்கு வெள்ளி, கடைசியில் சனிக்குச் சனி. இதில் கூத்து என்னவென்றால், விரதம் ஆறுமுகத்தாய்க்கு அல்ல, சுதாராணிக்கு. தனியார் பள்ளியில் வேதியியல் நடத்துகிற பெண், நாளுக்கு ஆறு பீரியடு நின்று கத்துகிறவள், இரண்டு வருஷமாக வாரத்தில் நான்கு நாளைக் காபியிலும் ஒரு வாழைப்பழத்திலும் ஓட்டினாள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தாலும், விரதம் பிடிக்கிற பிள்ளை என்று அவள் தட்டுக்கு ரசத்தோடு நின்றுவிடும். அவளும் எதிர்த்துப் பேசுகிற ரகம் இல்லை. பேசினால் சண்டை ஒரு வாரம் நீளும் என்று தெரிந்து வைத்திருந்தாள்.

இரண்டாவது வருஷத்தில் சுதாராணிக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பில் வந்தது, தலையணையில் கிடந்தது, குளியலறைத் தண்ணீர் போகும் வழியை அடைத்தது. இடுப்புக்குக் கீழே தொங்கிய சடை சுண்டுவிரல் தடிமனுக்கு வந்தது. வகிடு நாளுக்கு நாள் அகலமானது.

ஊரார் மண்டையை எல்லாம் எள்ளி நகையாடியவளுக்குத் தன் வீட்டுக்குள்ளேயே இது நடக்கும் என்றால் எப்படி இருக்கும்? முதலில் மகளைத்தான் ஏசினாள். செல்போனை நோண்டுவதால் கொட்டுகிறது, ஷாம்புவால் கொட்டுகிறது, ஈரத்தலையோடு சடை போடுவதால் கொட்டுகிறது என்றாள். அப்புறம் தண்ணீரைப் பிடித்தாள். போர்த் தண்ணி உப்பு என்று, மகள் தலை முழுகுவதற்கு மட்டும் இருபது லிட்டர் கேன் தண்ணீர் வாங்கினாள். ஊரே குடிக்கத் தண்ணீருக்குக் குடத்தை வைத்துக் காத்துக் கிடந்த சித்திரை மாதத்தில் அந்தக் கேன் சுதாராணியின் மண்டை வழியாகச் சாக்கடைக்குப் போனது. சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்த்தாள். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெந்தயம், முட்டை என்று சமையலறையில் இருந்த அத்தனையும் அந்தப் பெண்ணின் தலைமேல் ஏறியது. வயிற்றுக்குள் மட்டும் எதுவும் இறங்கவில்லை.

உறவில் ஒரு காதுகுத்து வீட்டில் பாண்டிராஜ் சுதாராணியைப் பார்த்தான். மண்டபத்துப் படி பத்து ஏறுவதற்குள் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கி நின்றாள். உதடு வெளுத்திருந்தது. அவன் பந்திக்குப் போகாமல் நேரே அத்தையிடம் வந்தான்.

"அத்தை, சுதாவுக்கு எண்ணெய்ல ஒண்ணும் குறை இல்ல. ரத்தத்துலதான் குறை. ஒரு தடவை கடைக்குக் கூட்டிட்டு வாங்க, பார்த்துச் சொல்லுதேன்."

ஆறுமுகத்தாய் அவனை மேலும் கீழும் பார்க்கவில்லை. மேலே மட்டும் பார்த்தாள்.

"உன் மண்டையில ஒரு முடி நிக்க வைக்கத் துப்பில்ல. நீ என் பிள்ளை முடிக்கு வைத்தியம் சொல்லுதியாக்கும்?"

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். அவன் திரும்ப ஒரு வார்த்தை பேசாதது தன் கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்த மரியாதை என்றே அவள் நம்பினாள்.

ஆடி முடிவதற்குள் மாப்பிள்ளை அமைந்தான். விளாத்திகுளத்துக்காரன், பெயர் கிருஷ்ணராஜ், ஓசூரில் வேலை. ஆறுமுகத்தாய் பாதிப் படியில் நின்று எட்டிப் பார்த்தாள். வகிடே தெரியாத அடர்த்தி. இரண்டு படி இறங்கி இன்னொரு கோணத்திலும் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. அவன் என்ன வேலை பார்க்கிறான், என்ன பேசுகிறான் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆவணியில் நிச்சயம் என்று அங்கேயே முடிவானது. மகளுக்கு மதுரையிலிருந்து நல்லதாக ஒரு சவுரி வாங்கிவந்து, சடையோடு சேர்த்துப் பின்னப் பழக்கினாள். முடி இல்லாத மாப்பிள்ளை பொடி தூவினால் பித்தலாட்டம். முடி இல்லாத பெண் சவுரி வைத்தால் அலங்காரம். அவளுடைய நியாயம் அப்படி.

நிச்சயத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. அவர்கள் வீட்டில் மூத்த மருமகள் நர்ஸ். இரண்டு பேருமே ரத்தம் சோதித்து ரிப்போர்ட்டை மாற்றிக்கொள்வது அவர்கள் வழக்கமாம். ஆறுமுகத்தாய்க்குச் சங்கடம்தான். வேறு இடத்தில் எடுத்தால் எவன் என்ன எழுதுவானோ என்று, அடுத்த செவ்வாய்க்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் மகன் கடைக்கே போனாள்.

பாண்டிராஜ் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. ரத்தம் எடுத்தான், உட்காரச் சொன்னான், முக்கால் மணி நேரத்தில் தாளோடு வந்தான். ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு புள்ளி நான்கு இருந்தது.

"இது எப்படி வந்துச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல அத்தை. வாரத்துக்கு நாலு நாள் பட்டினி. உள்ள இருக்கிற கொஞ்ச நஞ்ச சத்தையும் உடம்பு உயிருக்குத்தான் செலவழிக்கும். முடிக்கு எங்கேருந்து குடுக்கும்? மொதல்ல முடியைத்தான் கைவிடும். இப்படியே போனா அடுத்து நெஞ்சு தாங்காது."

ஆறுமுகத்தாயின் காதில் நெஞ்சும் விழவில்லை, உயிரும் விழவில்லை. அந்தத் தாள் விளாத்திகுளத்துக்குப் போகிறது என்பது மட்டும்தான் மனதில் நின்றது. கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏலே பாண்டி, பன்னிரண்டுன்னு போட்டுரு. நம்ம வீட்டுப் பிள்ளை. வெளியே யாருக்குத் தெரியப் போவுது?"

"தாள்ல போட்டுரலாம். அவ ரத்தத்துல யாரு போடுதது?"

"நிச்சயம் முடியட்டும், அப்புறம் டாக்டர்கிட்டக் காட்டுதேன். இன்னும் ரெண்டே வெள்ளிக்கிழமை. அதோட விரதம் முழுசாயிரும். நடுவுல விட்டா வந்த மாப்பிள்ளையும் போயிருவான்னு ஜோசியர் சொல்லியிருக்காரு."

சுதாராணி அவ்வளவு நேரமும் கையை மடக்கிப் பஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு புள்ளி நான்கு என்ற எண்ணைப் பார்த்துவிட்டும் இன்னும் இரண்டு வெள்ளி என்று சொல்கிற அம்மாவை, முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு எழுந்து பாண்டிராஜின் கையிலிருந்து தாளை வாங்கி, மேஜைமேல் விரித்து, செல்போனில் படம் எடுத்தாள். கிருஷ்ணராஜுக்கு அனுப்பினாள். முடி கொட்டுகிறது, சவுரி வைத்திருக்கிறேன், வைத்தியம் பார்க்க ஆறு மாதம் ஆகும் என்று அடியில் எழுதியும் அனுப்பினாள். ரத்தம் கொடுத்தவர்களுக்கென்று பாண்டிராஜ் டப்பாவில் வைத்திருந்த கடலைமிட்டாயில் ஒன்றை எடுத்துக் கடித்தாள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

"அனுப்பிட்டேன்மா. இனி நீ யார்கிட்டயும் கெஞ்ச வேண்டாம்" என்றாள்.

ஆறுமுகத்தாய்க்கு வந்த ஆத்திரத்தில் அந்த டப்பாவைத் தட்டிவிட்டிருப்பாள். சாத்திய கதவுக்கு வெளியே ஆட்கள் காத்திருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் சங்கரபாண்டி கடையைப் பூட்டிவிட்டு, மனைவியிடம் கேட்காமலேயே மகளை டாக்டர் ஜெயப்பிரியாவிடம் கூட்டிப்போனார். ஆறுமுகத்தாயும் பின்னாலேயே போனாள். டாக்டரம்மா இரும்புச்சத்தைக் குளுக்கோஸில் கலந்து ஏற்ற வேண்டும் என்றார். வெங்காயத்தையும் முட்டையையும் மண்டையில் தேய்க்காமல் சாப்பிடச் சொன்னார். கீரை, ஈரல், பயறு எல்லாம் எழுதினார். சத்துக்குறைவால் கொட்டிய முடி ஆறேழு மாதத்தில் திரும்பிவிடும், தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். பரம்பரையாக வருவது வேறு, அது திரும்புவது கஷ்டம், அது ஒருத்தருடைய குற்றமும் இல்லை என்று சொல்லிவிட்டு, வீட்டில் யாருக்காவது வழுக்கை உண்டா என்று கேட்டார். ஆறுமுகத்தாய் சட்டென்று புருஷனைக் கைகாட்டினாள். தாத்தாவுக்கும் உண்டு, மாமாவுக்கும் உண்டு என்றாள் சுதாராணி. அம்மா வழியிலும்தான் வரும், அப்பா வழியை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை என்றார் டாக்டர். படித்த முட்டாள் என்று வெளியே வந்ததும் ஆறுமுகத்தாய் அவருக்குப் பட்டம் கொடுத்தாள்.

விளாத்திகுளத்துப் பதில் வெள்ளிக்கிழமை தரகர் மூலம் வந்தது. பையனை வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறார்களாம், இப்போதைக்குக் கல்யாணப் பேச்சு வேண்டாமாம். பாஸ்போர்ட்டே எடுக்காதவன் எந்த வெளிநாட்டுக்குப் போகிறான் என்று தரகருக்கும் தெரியவில்லை. மண்டை நிறைய முடி இருந்து என்ன செய்ய, மண்டைக்குள்ளே ஒன்றுமில்லாத பயல் என்று ஆறுமுகத்தாய் ஒரு வாரம் ஏசினாள். மூன்று வருஷத்தில் அவள் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அதுதான். அதையும் கோபத்தில்தான் சொன்னாள்.

சுதாராணி மூன்று வேளையும் சாப்பிட்டாள். சங்கரபாண்டி வாரம் தவறாமல் ரத்தம் ஊறும் என்று ஆட்டு மண்ணீரலான சுவரொட்டியை வாங்கிவந்து தன் கையாலேயே வதக்கிக் கொடுத்தார். கார்த்திகை பிறப்பதற்குள் அவள் படியேறினால் மூச்சு வாங்கவில்லை. வகிட்டின் இரண்டு பக்கமும் குட்டி குட்டியாக முடி கிளம்பி, எண்ணெய்க்கு அடங்காமல் நின்றது.

அதே கார்த்திகையில் ஆறுமுகத்தாய் ஒரு முடிவுக்கு வந்தாள். தை பிறந்தால் மகளுக்கு இருபத்தொன்பது. நிச்சயம் நின்றுபோன பெண் என்று தரகர்கள் ஜாதகத்தைக் கையில் வாங்கவே யோசிக்கிறார்கள். அண்ணன் மகன் இன்னும் கல்யாணம் ஆகாமல்தான் இருக்கிறான். காலில் போட்ட செருப்பு எங்கே போகும் என்கிற நினைப்பு. மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் பார்த்து, பூவும் பழமும் தட்டில் வைத்து, புருஷனைத் தட்டைத் தூக்கச் சொல்லி, புதூருக்குக் கிளம்பினாள். அன்றைக்குக் கடைக்கு விடுமுறை இல்லை. இருந்தும் தங்கை வருகிறாள் என்று குருசாமி மகனைக் கடையைச் சாத்திவிட்டு வரச் சொல்லியிருந்தார்.

கூடத்தில் குருசாமியும் பாண்டிராஜும் இருந்தார்கள். தட்டை நடுவில் வைத்துவிட்டு ஆறுமுகத்தாய் பேச ஆரம்பித்தாள். கெஞ்ச வந்த இடத்தில்கூட அவளுக்குக் கெஞ்ச வரவில்லை. தானம் கொடுக்க வந்தவள் மாதிரிதான் பேசினாள். போனது போகட்டும், யார் யாருக்கு என்று எழுதியிருக்கிறதோ அதுதான் நடக்கும், முறை என்று ஒன்று இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்க முடியாது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவள், கடைசியில் சிரித்தாள்.

"முடி இல்லாதவனுக்கு முடி கொட்டுனவ. சோடி சரியாத்தான் இருக்கு. என்னண்ணே, பேசாம இருக்க?"

குருசாமி மகனைப் பார்த்தார். பாண்டிராஜ் தட்டை அத்தை பக்கமாக மெதுவாக நகர்த்தினான்.

"சுதா மேல எனக்கு ஒரு குறையும் இல்ல அத்தை. அன்னைக்கு அவ அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்புனப்போ, இவளைக் கட்டக் குடுத்து வைக்கணும்னுதான் நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்குதேன்."

"பெறகு என்னலே?"

"எங்களுக்குப் பிள்ளை பொறக்கும். ரெண்டு பக்கமும் எங்க தாத்தா ரத்தம். ஆம்பளைப் பிள்ளைன்னா கண்டிப்பா என்னைய மாதிரிதான் வருவான். அவன் முப்பது வயசுல கண்ணாடி முன்னாடி நின்னா நான் என்னத்தையாவது சொல்லித் தேத்திருவேன். ஆனா நீங்க சோறு போடும்போது அவன் மண்டையை ஒரு பார்வை பாப்பீங்கள்ல, அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. எந்தக் கடையிலயும் இல்ல. அந்தப் பார்வைக்குக் கீழே என் பிள்ளையை நான் உக்கார வைக்க மாட்டேன்."

அத்தையைப் பார்த்து இப்படிப் பேசுகிறான், பெரியவர்கள் யாராவது அவனை ஒரு அதட்டு அதட்டுவார்கள் என்று ஆறுமுகத்தாய் காத்திருந்தாள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். சங்கரபாண்டி தலைமேல் கிடந்த துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, தட்டைத் தூக்கினார்.

"சரியாச் சொன்ன மாப்ள" என்றார்.

அந்தக் கூடத்தில் மூன்று வழுக்கைத் தலைகள் இருந்தன. ஒன்றுகூட அவள் பக்கம் திரும்பவில்லை.